ஆர்பின் கேட்ஸின் புகையிலையை வெட்டிக் கொடுத்தவர்கள்

லவேடா கேட்ஸுக்கு மனிதர்கள் மேல் பெரிய மதிப்பு கிடையாது. பிரஷ் க்ரீக்கில் வியாழன்தோறும் வரும் ‘பேனர்’ பத்திரிகையின் முன்மேசையில் காலமெல்லாம் உட்கார்ந்து வரி விளம்பரம் வாங்கியவளுக்கு அது எங்கிருந்து வரும்? வேட்டை நாய் காணாமல் போனால் மாசக் கணக்கில் விளம்பரம் போட்டுத் தேடுகிறவன், பெண்டாட்டி போனால் மறு வாரமே ‘இனி அவள் செலவுக்கு நான் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவான். எதற்கும் உதவாத டிராக்டரை ‘நன்றாக ஓடும்’ என்று எழுதச் சொல்வான்.

“ஓடுதா?” என்று லவேடா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள்.

“இறக்கத்துல ஓடும்.”

“அப்ப அதையும் சேத்துக்கலாம்,” என்று பென்சிலை நக்கிக்கொண்டு எழுதுவாள். அவள் நாக்குக்குப் பயந்து தொலைபேசியிலேயே விளம்பரம் சொல்கிறவர்கள் ஊரில் பாதிப்பேர்.

ஆனால் ஊர் முதலில் படிப்பது டிராக்டரையும் நாயையும் அல்ல, நன்றி அறிவிப்பைத்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும், ஆள் படுத்துவிட்டாலும், கொட்டகை எரிந்துபோனாலும், உதவிக்கு வந்தவர்களுக்கெல்லாம் பேர் சொல்லிப் பேப்பரில் நன்றி போட்டாகவேண்டும். யார் பேர் வந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. யார் பேர் வரவில்லை என்றுதான் பார்ப்பார்கள். ஒரு சட்டி பீன்ஸ் கொண்டுவந்தவளின் பேர் விட்டுப்போனால் போதும், அவள் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க மாட்டாள்.

அப்படிப்பட்ட அறிவிப்புகளிலேயே பெரியது புகையிலை வெட்டிக் கொடுத்ததற்கான நன்றிதான். வெட்டுகிற பருவத்தில் ஒரு சம்சாரி நோவு நொடி என்று படுத்துவிட்டால், அக்கம்பக்கம் ஒரு நாள் பேசிக்கொண்டு கத்தியும் குச்சியும் வண்டியுமாக வந்து இறங்கும். பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் வெட்டி, தண்டோடு குச்சியில் கோத்து, கொட்டகையின் அடுக்குக் கட்டைகளில் ஏற்றித் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்காரன் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. யாராவது ஒருவர் நாள் மட்டும் சொல்லவேண்டும். எத்தனையோ வருஷமாக அந்த நாளைச் சொன்னவர் லவேடாவின் புருஷன் ஆர்பின். எவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, எவன் வீட்டில் பிரசவம், எவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று வாசனை பிடித்துக்கொண்டு பழைய டிரக்கில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். “உனக்கு வேற வேலையே இல்லையாய்யா?” என்று லவேடா கத்துவாள். அவர் சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டுவார்.

அந்த ஆர்பின்தான் ஒரு ஆகஸ்ட் மத்தியானம் தன் வயலில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தபோது சாய்ந்தார். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. வீட்டின் பின்அறையில் கட்டில் போட்டார்கள். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஓடையும் ரெண்டு மரமும்தான். வயல் முன்பக்கம், ரோட்டை ஒட்டி. ஊரில் எவன் எங்கே போனாலும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அந்த வருஷம் மழையால் நடவே தாமதம். செப்டம்பரில்தான் தழை மஞ்சள் தட்டியது. தழையைக் கருக்குகிற உறைபனி விழுவதற்குள் வெட்டிக் கொட்டகை ஏற்றாவிட்டால் வருஷத்து உழைப்பும் போச்சு, கொட்டகையையும் வயலையும் அடகு வைத்து வாங்கிய உரமும் போச்சு. அதைவிடப் பெரிசாக ஒன்று இருந்தது. பின்அறையில் படுத்திருந்தவர் காலையில் கண் விழித்ததும் கேட்பது ஒரே கேள்வி.

“வந்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

“வருவாங்க.”

வரவில்லை. சாப்பாடு வந்தது. அடேயப்பா, என்ன சாப்பாடு! கோழியும் மாவு உருண்டையும், சோள ரொட்டி, ஹாம், ஜாம் கேக் என்று சமையலறை மேசையில் இடமில்லை. பேப்டிஸ்ட் சபைப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, லவேடா வேலைக்குப் போயிருக்கும்போது ஆர்பினுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமை முறை இமொஜீன் ரிக்ஸ்பியுடையது. அவள் புருஷன் டெல்மர் ரிக்ஸ்பி சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன். அந்தப் பள்ளத்தாக்கிலேயே அதிகமாகப் புகையிலை போடுகிறவர். தட்டு நிறையச் சோறு கொண்டுவந்த வீடுகளிலிருந்து ஒரு கத்தி வரவில்லையே என்று லவேடாவுக்கு வயிறு எரிந்தது.

“ஆள் வேணும்னு பேப்பர்ல போடப் போறேன்யா,” என்றாள் ஒரு நாள்.

ஆர்பின் நல்ல கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டார். “போடாத.”

“அப்ப யாரு நாள் சொல்வா? சொல்ற ஆளு இங்க படுத்துக் கெடக்க.”

“யாராச்சும் சொல்வாங்க. பேப்பர்ல போடறது… அசலூரான கூப்பிடற மாதிரி. அசிங்கம்.”

“அசிங்கம் பாத்துக்கிட்டு இருந்தா தழை தானா எந்திரிச்சு கொட்டகைக்கு நடந்து போகுமா?”

“வருவாங்க லவேடா. நீ ஒரு நாளும் யாரையும் நம்புனதில்ல.”

மறுநாள் அலுவலகத்தில், யாரும் பார்க்காத நேரத்தில், ‘ஆட்கள் தேவை, புகையிலை வெட்ட, கூலி உண்டு, கேட்ஸ்’ என்று எழுதி அச்சுக்குத் தள்ளிவிட்டாள். ஆயிரம் பேருக்கு ஆள் பிடித்துக் கொடுத்த பத்தி தனக்கு ஒரு நாலு பேரைப் பிடித்துக் கொடுக்காதா என்று நினைத்தாள். ஒரு போன் வரவில்லை. கூலிக்காரர்கள் எல்லாம் எங்காவது பேசி முடிக்கப்பட்டிருந்தார்கள். இமொஜீன் மட்டும் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஆள் கிடைச்சுதா சிஸ்டர்?”

“கிடைச்சிடும்,” என்றாள் லவேடா. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாய் வந்திருந்தால் என்னவெல்லாம் மாறியிருக்கும் என்று யோசித்து இப்போது என்ன பிரயோசனம்?

ஒரு சனிக்கிழமை அவளே கத்தியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். அறுபதை நெருங்குகிற பெண்பிள்ளை. தண்டை வெட்டிவிடலாம், அதைக் குச்சியில் குத்திக் கோத்து, அந்தப் பாரத்தைத் தூக்கி, கொட்டகை உயரத்துக்கு ஏற்றுவது யார்? பாதி வரிசையிலேயே கை ரெண்டும் பசையும் கறுப்புமாகி, தலை சுற்றி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ரோட்டில் டெல்மரின் டிரக் போனது. அவர் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டுப் போனார். ஆமாம், வண்டியை நிறுத்தாமல் தொப்பியைத் தொட்டார். எதிர்மேட்டில் அவருடைய ஆட்கள் வெட்டுகிற சத்தமும் சிரிப்பும் சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்டோபர் பிறந்த முதல் வாரமே பனி விழுந்தது. விடிந்து பார்த்தால் வயல் முழுக்க வேகவைத்த கீரை மாதிரி தொங்கிக் கறுத்துப் போயிருந்தது. லவேடா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் காபி போட்டாள். பின்அறையிலிருந்து குரல் வந்தது, “வந்துட்டாங்களா?” என்று. அவள் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்றைக்கு அவள் எழுதியதுதான் இது:

‘நன்றி அறிவிப்பு. என் கணவர் ஆர்பின் நோயில் படுத்திருந்தபோது, கூப்பிடாமலே ஓடி வந்து, அவருடைய புகையிலையை ஒரு தழைகூட வீணாகாமல் வெட்டிக் கொட்டகை ஏற்றிக் கொடுத்த டெல்மர் ரிக்ஸ்பி, அவர் மகன்கள், ஹோபர்ட் டைசன், சபையின் மற்ற டீக்கன்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி. வந்தவர்களுக்கெல்லாம் வயலிலேயே சாப்பாடு போட்ட இமொஜீன் ரிக்ஸ்பிக்குத் தனி நன்றி. நீங்கள் செய்ததை உயிருள்ளவரை மறக்க மாட்டோம். லவேடா கேட்ஸ்.’

முதலாளி வரி விளம்பரங்களைப் படிக்கிறவர் இல்லை. தான் எழுதுகிற தலையங்கத்தையே அவர் படிப்பதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அறிவிப்பு அப்படியே அச்சேறியது. கறுத்த வயல் ரோட்டோரம் நிற்கிறது, பேப்பர் எல்லார் கையிலும் இருக்கிறது. ஒவ்வொருத்தனும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகட்டும் என்று லவேடா நினைத்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விளம்பரத்தில் இவ்வளவு திருப்தி அவளுக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் வியாழக்கிழமை யார் முறை என்பதை மறந்துவிட்டாள் பாவி.

ஆர்பினுக்குப் பேப்பரை அவள்தான் ராத்திரி கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவாள், வேண்டியதை மட்டும். அன்றைக்கு இமொஜீன் தன் வீட்டுத் தபாலில் வந்த பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், பிரித்துக்கூடப் பார்க்காமல். “ஏதாச்சும் படிம்மா, பொழுது போகட்டும்,” என்று ஆர்பின் சொல்ல, அவளும் மடிப்பை நீவிவிட்டுப் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள். தன் பேரைத் தானே படிக்க ஆரம்பித்த பிறகு எங்கே நிறுத்துவது?

லவேடா சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது இமொஜீன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைச் சுவரோரம் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. பின்அறையில் ஆர்பின் அழுதுகொண்டிருந்தார்.

“வந்துட்டாங்கல்ல!” என்றார் அவளைப் பார்த்ததும். ஆரோக்கியமான பாதி முகம் முழுக்கச் சிரிப்பு. “நான் சொன்னேன்ல? ஏன் எங்கிட்ட சொல்லல? அதிசயமா இருக்கட்டும்னு ஒளிச்சு வெச்சியா, திருட்டுக் கழுத!”

லவேடா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“டெல்மர் வந்தானா? ஹோபர்ட் டைசனுமா? அவனுக்கும் எனக்கும் வேலித் தகராறு… அவனுமா வந்தான்?”

“ஹோபர்ட்டும்தான்,” என்றாள் லவேடா. அந்த வார்த்தை எப்படி வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது இமொஜீன் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவன் கோய் புரூயிட். மேட்டுத்தெருவில் சும்மா இருக்கிற ஆள். மேசையில் பேப்பரை அடித்து வைத்தான்.

“என் பேரு எங்க?”

“எதுக்கு உன் பேரு?”

“ஊர்ல எல்லாருக்கும் போட்டிருக்க. எங்க வீட்டுக்காரி ரெண்டு தடவ ரொட்டி குடுத்துவிட்டாளே! நாளைக்கு எவனாச்சும் கேட்டா நான் என்ன சொல்றது, போகலேன்னா?”

“போகலேல்ல?”

“அவங்க மட்டும் போனாங்களாக்கும்!” என்றான் கோய். சொன்ன பிறகும் அவனுக்கு அதில் ஒன்றும் தப்புத் தெரியவில்லை. பேர் சேர்க்காமல் போகமாட்டேன் என்று மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். லவேடாவுக்குச் சிரிப்பு வரவேண்டியது. வரவில்லை.

டெல்மர் ரிக்ஸ்பி சாயங்காலம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அதுக்கு நீ எங்கள நாலு அறை அறஞ்சிருக்கலாம், சிஸ்டர்.”

“அறைய வந்தா நீங்க எங்க ஆம்புடறீங்க? வண்டியிலேருந்து இறங்குனாத்தான?”

“மொதல்ல நீதான கூலிக்கு ஆள் கேட்டுப் போட்ட?” டெல்மரின் குரல் உயர்ந்தது. “நான் அந்த வாரந்தான் நாள் சொல்றதா இருந்தேன். பேப்பரப் பிரிச்சா ‘கூலி உண்டு’ன்னு நிக்குது. கூலி உண்டுன்னு போட்ட வயல்ல நாங்க எப்படி வந்து நிக்கறது? ரிக்ஸ்பி குடும்பம் ஆர்பின்கிட்ட காசுக்கு வெட்டுச்சுன்னு பேசமாட்டானுங்க? எங்க உதவி வேணாம்னு நீதான் முடிவு பண்ணிட்டேன்னு விட்டோம். இமொஜீன் கேட்டதுக்கும் ஆள் கிடைச்சிடும்னுதான சொன்ன?”

அது நிஜமா, வருகிற வழியில் தோன்றிய சாக்கா என்று லவேடாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடத்தில் போய்க் குத்தியது. போடாதே, அசிங்கம் என்று படுக்கையில் கிடந்தவர் சொன்னாரே.

“வயல் ரோட்டு மேலதான இருந்துச்சு,” என்றாள் ஒருவழியாக. “தினமும் பாத்துக்கிட்டுத்தான போன? ஒரு நாள் நிறுத்தி, என்னம்மா ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

டெல்மர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே நின்றார். “இப்ப என்ன செய்யச் சொல்ற?”

“வந்து அவர்கிட்ட சொல்லு. நாங்க வரல, ஆர்பின்னு சொல்லு. எனக்கு வாய் வரல.”

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் டெல்மர் வந்தார், ரெண்டு டீக்கன்களையும் ஹோபர்ட் டைசனையும் கூட்டிக்கொண்டு. சொல்லத்தான் வந்தார், அதில் சந்தேகமில்லை. முகம் அப்படி வெளுத்திருந்தது. ஆனால் கட்டில் பக்கத்தில் போவதற்குள் ஆர்பின் நல்ல கையை நீட்டிவிட்டார். ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பிரதர் டெல்மர், ஈரத்தோட ஏத்தலியே?”

டெல்மர் லவேடாவைப் பார்த்தார். அவள் காபிக் கெட்டிலோடு வாசலில் நின்றாள். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் மன்றாடினாள்.

“நல்லா வாடவிட்டுத்தான் ஏத்தினோம், பிரதர்,” என்றார் டெல்மர்.

“மேல் அடுக்குல யாரு ஏறுனா? அந்த மூணாவது கட்டை ஆடுமே.”

“நான்தான்,” என்றார் ஹோபர்ட் டைசன். ஆர்பின் அதைக் கேட்டு மறுபடி அழுதார். “உன்னப் போயி வேலிக்காகப் பேசாம இருந்தேனே ஹோபர்ட், மன்னிச்சிரு.” “அதெல்லாம் விடு ஆர்பின்,” என்று ஹோபர்ட் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அப்புறம் சும்மா சொல்லக்கூடாது, நிறுத்தவே முடியவில்லை. தழையின் நிறம் எப்படி, அகலம் எப்படி, எந்த வண்டி ஓடையில் சிக்கியது, யார் தள்ளினது என்று ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். முதலில் தரையைப் பார்த்துப் பேசினவர்கள் ரெண்டாவது காபிக்குள் ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். லவேடா காபி ஊற்றினாள், ஜாம் கேக் வெட்டி வைத்தாள். வாயைத் திறந்தால் அந்த மனுஷனின் சிரிப்பு செத்துப்போகும். திறக்காவிட்டால் இவர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள். அவள் திறக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு ஆர்பின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லவேள, எம் பேச்சக் கேட்ட. பேப்பர்ல போட்டிருந்தா ஒருத்தன் எட்டிப் பாத்திருக்க மாட்டான்.”

“ஆமாய்யா,” என்றாள் லவேடா.

தழையைச் சந்தைக்கு எடுத்துப்போகும் நாள் நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் போனது. காலிக் கொட்டகையை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வாள்? அந்தக் கஷ்டத்தை ஆர்பின் அவளுக்கு வைக்கவில்லை. நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாள் பண்டிகைக்கு முந்தின வாரம் அதே வாதம் இன்னொரு தடவை வந்தது. அதோடு போய்ச் சேர்ந்தார். ஊருக்கே நல்ல மனசு என்று நம்பிக்கொண்டு, சந்தோஷமாக. டெல்மரும் ஹோபர்ட்டும் பெட்டி தூக்கினார்கள். சவ ஊர்வலத்தின் அத்தனை கார்களும் கறுத்து மட்கின வயலைத் தாண்டித்தான் போயின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டகையும் வயலும் அடகுக்காரனிடம் போயின. அவன் வசந்தத்தில் உழுது சோளம் போட்டான். வயல் சுத்தமாகிவிட்டது, ஊர்க்காரர்கள் மனசும் சுத்தமாகிவிட்டது. மிச்சமிருந்தது பேப்பரில் வந்தது மட்டும்தான்.

ஆர்பின் சாவுக்கு லவேடா நன்றி அறிவிப்பு போடவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கை தன் புருஷனுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதவந்தால் டெல்மர் ரிக்ஸ்பி என்ற பேரிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். அதற்கு அவள் பென்சில் ஓடவில்லை. ஊர் முதலில் முணுமுணுத்தது, அப்புறம் உரக்கவே பேசியது. மளிகைக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. அடுத்த வீட்டுக்காரி முகம் கொடுப்பதை விட்டாள்.

மே மாசம் நடவு நேரத்தில் இமொஜீன் ரிக்ஸ்பி அலுவலகத்துக்கு வந்தாள். மிச்ச நாற்று விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தாள். லவேடா எழுதி முடித்தும் அவள் போகவில்லை.

“சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காத, சிஸ்டர். சனங்க ஒரு மாதிரி பேசுறாங்க. சாவுக்கு வந்தவங்களுக்கு நீ ஒரு நன்றிகூடப் போடலியாம்.”

“பேசட்டும்.”

“அவங்க பேசறதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல? போன வருஷம் அத்தன பேரு அவங்கவங்க வயல விட்டுட்டு வந்து உங்க புகையிலைய வெட்டிக் குடுத்தோம். அந்த வெயில்ல அவ்வளவு பேருக்கும் நின்னு சோறு போட்டேன், எனக்கு இன்னும் இடுப்பு சரியாகல.”

லவேடா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். கைப்பையை அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்ற அந்த வியாழக்கிழமையின் சுவடு எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. இமொஜீன் மனசார வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவளின் களையே அந்த முகத்தில் இல்லை.

“ஆமா, வந்தீங்க,” என்றாள் லவேடா. “அதுக்குத்தான் அப்பவே நன்றி போட்டாச்சே.”